கட்டபொம்மன் காலத்துக் கிளைவ் யார்?

வரலாற்று நூல்களின் கையெழுத்துப் படிகளைப் படித்து, பெயரும் தேதியும் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் பாளையக்காரர்களைப் பற்றிய ஒரு நூல் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து திரட்டிய உழைப்பு அது. அதில் ஒரு வரி: "1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது சென்னையின் ஆளுநராக இருந்தவர் ராபர்ட் கிளைவ்."

ராபர்ட் கிளைவ் 1774-லேயே இறந்துவிட்டார். தொலைபேசியில் சொன்னேன். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தம்பி, ஆவணத்துல 'லார்ட் கிளைவ்'னுதான் இருக்கு. என் கண்ணால பார்த்து எழுதினது."

"ஆமாங்க ஐயா, நீங்க பார்த்தது சரிதான். அது அவரோட மகன்."

அவர் படித்த ஆவணத்தில் பிழையே இல்லை. 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராக இருந்தவர் எட்வர்டு கிளைவ். தகப்பனாரின் 'கிளைவ் பிரபு' பட்டம் பரம்பரையாக இவருக்கு வந்தது. 1799-ல் திப்பு வீழ்ந்ததும், 1801-ல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதும், அதே ஆண்டு கர்நாடக நவாபின் நாடு கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், கைக்குப் போனதும் இந்த மகன் காலத்தில். தகப்பனார் ஒருநாளும் சென்னை ஆளுநராக இருந்ததில்லை. 1751-ல் ஆற்காட்டைப் பிடித்தபோது அவர் வெறும் கேப்டன். பிறகு கடலூர் புனித டேவிட் கோட்டையில் துணை ஆளுநர். ஆளுநராக இருமுறை அமர்ந்தது வங்காளத்தில். மகனுக்கோ ஊர் திரும்பிய பின், 1804-ல், போவிஸ் கோமகன் என்று வேறு பட்டம் கிடைத்தது. அதனால் சில பெயரகராதிகளில் 'கிளைவ்' என்று தேடினால் தகப்பன்தான் கிடைப்பார். மகனை 'போவிஸ்' என்ற தலைப்பில் தேட வேண்டும்.

அந்தக் காலத்துச் சென்னைக் காகிதங்களில் பாதிச் சிக்கல் இந்தப் பட்டப் பெயர்களால் வருகிறது. புத்தகம் படிக்கிற சென்னைவாசிகளில் பலரும் ஒருமுறையாவது நுழைந்திருக்கும் கன்னிமாரா நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1886-ல் சென்னைக்கு ஆளுநராக வந்து இறங்கியவர் ராபர்ட் பர்க். மறு ஆண்டு பட்டம் கிடைத்து அவரே கன்னிமாரா பிரபு ஆனார். இது தெரியாமல் இருவரையும் தனித்தனி ஆட்களாகப் பட்டியலில் போட்டு, 'பர்க் 1886–1887, கன்னிமாரா 1887–1890' என்று எழுதியதைத் திருத்தியிருக்கிறேன். 'கன்னிமாரா பிரபு 1896-ல் நூலகத்தைத் திறந்துவைத்தார்' என்ற வரியும் அடிக்கடி வரும். அவர் 1890 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார், அந்த ஆண்டு இறுதியிலேயே பதவியை விட்டுப் போய்விட்டார். 1896 டிசம்பரில் நூலகம் திறக்கப்பட்டபோது ஆளுநர் ஆர்தர் ஹேவ்லாக். வில்லிங்டனும் வெலிங்டனும் தமிழ் அச்சில் ஒன்றாகிவிடுவது இன்னொரு தொல்லை. 1919 முதல் 1924 வரை சென்னையை ஆண்டவர் வில்லிங்டன். குன்னூர் பக்கத்திலிருக்கும் ராணுவ முகாமுக்குப் பெயர் கொடுத்த வெலிங்டன் அதற்கு நூறாண்டு முந்தியவர், சென்னை ஆளுநர் பதவியையே வகிக்காதவர்.

பெயர் ஒன்று, ஆள் இரண்டு என்பதன் விளைவு என்னவென்று எனக்கு உறைத்தது ஒரு குடும்பத்தின் காகிதத்தால். தங்கள் முன்னோருக்கு நிலம் விடப்பட்டதைச் சொல்லும் பழைய நகல் ஒன்றை எடுத்து வந்தார்கள். தேதி இருந்த மூலை செல்லரித்துப் போயிருந்தது. 'லார்டு ஓபார்ட் துரையவர்கள் நாளையில்', அதாவது அவர் காலத்தில், என்ற சொற்கள் மட்டும் தெளிவாக இருந்தன. அவர்கள் இணையத்தில் தேடி 1872 என்று முடிவுகட்டியிருந்தார்கள். ஓபார்ட் பிரபு என்ற பட்டத்தோடு சென்னையை ஆண்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் 1794 முதல் 1798 வரை. மற்றவர் 1872 முதல், 1875-ல் இங்கேயே இறந்துபோகும் வரை. இடையில் முக்கால் நூற்றாண்டு. எதை வைத்துத் தீர்ப்பது? காகிதத்தில் இன்னும் கொஞ்சம் கீழே 'கும்பினியார்' என்று இருந்தது. 1858 நவம்பர் 1 அன்று கும்பினி ஆட்சி முடிந்து விக்டோரியா ராணியின் ஆட்சி என்று அறிவித்துவிட்டார்கள். 1872-ல் யாருக்கும் கும்பினியார் நிலம் விட்டிருக்க முடியாது. அந்த ஒரு சொல்லால் காகிதத்தின் வயது முக்கால் நூற்றாண்டு கூடியது.

ஆண்டுக் கணக்குக்கு வருகிறேன். '1820–1827 மன்றோ, 1827–1832 லூஷிங்டன்' என்று பட்டியல் சொல்லும். மன்றோ 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். லூஷிங்டன் பொறுப்பேற்றது அக்டோபரில். நடுவில் மூன்று மாதத்துக்கு மேல் கோட்டையில் உத்தரவு போட்டவர் ஹென்றி கிரேம் என்ற, ஆளுநரின் ஆலோசனைச் சபை உறுப்பினர். அந்த ஆகஸ்டில் பிறந்த ஓர் உத்தரவை மன்றோ தலையிலோ லூஷிங்டன் தலையிலோ ஏற்றினால் இரண்டும் தப்பு. 1860 இன்னும் மோசம். ஆளுநர் ட்ரெவெல்யன் லண்டனுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார், மோர்ஹெட் தற்காலிகமாக உட்கார்ந்தார், ஜூலையில் வந்த வார்டு ஒரு மாதம்கூட முடியாமல் ஆகஸ்ட் 2 அன்று காலராவில் மாண்டார், மறுபடி மோர்ஹெட். '1860-ல் சென்னை ஆளுநர் யார்?' என்ற கேள்விக்கு மாதம் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. இவர்களில் மோர்ஹெட் பெயர்தான் பல பட்டியல்களில் உதிர்ந்துபோகிறது, தற்காலிகம் என்பதால். அவர் போட்ட கையெழுத்து என்னவோ நிரந்தரமானது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய ஆவணம் என்றால் தேதியையே முதலில் சந்தேகிக்கிறேன். ஆங்கிலேயர்கள் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அலுவல் முறைப்படி புத்தாண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதி எல்லாம் போன ஆண்டின் கணக்கிலேயே ஓடும். எலிஹு யேல் 1684 ஆகஸ்டில் முதன்முறை தற்காலிகமாகச் சென்னை ஆளுநர் பொறுப்பை ஏற்றார். ஆளுநர் கிஃபோர்டு திரும்பி வந்து அதை வாங்கிக்கொண்டது, பழைய கணக்குப்படி, 1684 ஜனவரி. அப்படியே எடுத்து எழுதினால் யேல் பதவிக்கு வருவதற்கு ஏழு மாதம் முன்பே பதவி விலகிவிடுவார். நம் கணக்கில் அது 1685 ஜனவரி. இதைக் கண்டு குழம்பிய ஒருவர், அச்சுப்பிழை என்று நினைத்து ஆகஸ்டை 1683 என்று மாற்றிவிட்டார். அவர் கையிலிருந்த ஆதாரம் சரியாகவே இருந்தது, திருத்தியதில் கெட்டது. யேல் முறைப்படி ஆளுநரானது 1687-ல், 1692 வரை. முந்தைய அந்த அரையாண்டைச் சேர்க்கிறோமா இல்லையா என்பதைச் சொல்லாமல் விட்டால் வாசகர் இரண்டு புத்தகங்களில் இரண்டு கணக்கைப் பார்த்துத் திகைப்பார்.

பிரெஞ்சுக்காரர்களோ அப்போதே புதிய நாட்காட்டிக்கு வந்துவிட்டவர்கள். 1746-ல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். ஆங்கிலேயர் ஏட்டில் அது செப்டம்பர் 10, பிரெஞ்சு ஏட்டில் செப்டம்பர் 21. ஒரே நாள்தான். இது புரியாமல், கோட்டை பதினோரு நாள் போராடி விழுந்தது என்று எழுதிய கட்டுரை ஒன்று என்னிடம் வந்ததுண்டு. அதே காலத்தில் புதுச்சேரியில் உட்கார்ந்து ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார், தமிழ் வருஷப் பெயரும் மாதமும் போட்டு. அந்தச் செப்டம்பர் விழுவது அட்சய வருஷத்தில். தமிழ் வருஷத்தை ஆங்கில ஆண்டாக மாற்றும்போது தையும் மாசியும் பங்குனியும் அடுத்த ஆங்கில ஆண்டுக்குப் போகும் என்பதை மறக்கக் கூடாது. அறுபது ஆண்டு கழித்து அதே பெயர் திரும்பி வரும் என்பதையும்.

அந்த 1746-க்குப் பிறகு வேறொரு கேள்வி எழுகிறது. கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில். அப்படியானால் ஆங்கிலேய ஆளுநர் எங்கே? கடலூரில். 1749-ல் கோட்டை திரும்பக் கிடைத்த பின்பும் தலைமை அலுவலகம் 1752 வரை புனித டேவிட் கோட்டையிலேயே இருந்தது. எனவே '1748-ல் ஆளுநர் சார்லஸ் ஃபிளாயர் புனித ஜார்ஜ் கோட்டையில் விசாரித்தார்' என்று யாராவது எழுதியிருந்தால் சிவப்பு மையில் வட்டமிடுகிறேன். ஆள் சரி, ஆண்டு சரி, இடம் நடக்காத காரியம்.

எனக்கு மிகவும் கடினமாக இருப்பது ஜார்ஜ் பிகாட்டின் கதை. 1755 முதல் 1763 வரை ஒருமுறை ஆண்டு, 1775 டிசம்பரில் இரண்டாம் முறை வந்தார். தஞ்சாவூரை மராட்டிய மன்னர் துளஜாவுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி லண்டனிலிருந்து உத்தரவு. 1776-ல் அவர் அதை நிறைவேற்றினார். தஞ்சாவூர் வருமானத்தின் மேல் கண் வைத்திருந்த ஆற்காட்டு நவாபுக்கும், அவருக்குக் கடன் கொடுத்திருந்த வெள்ளைக்காரர்களுக்கும் இது பொறுக்கவில்லை. சபையில் பெரும்பான்மையினர் சேர்ந்து 1776 ஆகஸ்ட் 24 அன்று தங்கள் ஆளுநரையே கைது செய்தார்கள். ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிகாட் பரங்கிமலையில் காவலில் வைக்கப்பட்டு, 1777 மே 11 அன்று காவலிலேயே இறந்தார். கப்பல் வந்துசேரப் பல மாதம் பிடிக்கும் காலம். அவரை மீண்டும் பதவியில் அமர்த்தும் உத்தரவு லண்டனிலிருந்து வந்து சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1780-ல் ஸ்ட்ராட்டனுக்கும் கூட்டாளிகள் மூவருக்கும் ஆளுக்கு 1,000 பவுன் அபராதம் போட்டார்கள்.

இப்போது 1777 பிப்ரவரியில் சென்னை ஆளுநர் யார்? பட்டியல்கள் கூசாமல் ஸ்ட்ராட்டன் என்கின்றன. அந்த மாத ஆலோசனைப் பதிவேட்டில் தலைவராக இருப்பதும் அவர் பெயர்தான். ஆனால் அவரை நியமிக்கும் அதிகாரம் இருந்தவர்கள் நியமிக்கவில்லை. பதவியைப் பறிகொடுத்தவரையே திரும்ப அமர்த்தச் சொன்னார்கள். வெறும் 'ஸ்ட்ராட்டன் 1776–1777' என்று அச்சிடுவது அந்தக் கைதை நாம் ஒப்புக்கொள்வதாகும் என்பது என் எண்ணம். அதனால் அந்த இடத்தில் 'ஸ்ட்ராட்டன், பிகாட்டைச் சிறைவைத்துக் கைப்பற்றிய பொறுப்பு' என்று முழுதாக எழுதச் சொல்கிறேன். அட்டவணையின் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று பக்கம் வடிவமைப்பவர் முணுமுணுப்பார். கட்டத்தை அகலப்படுத்தச் சொல்வேன்.

சரிபார்க்க என் வழி எளிமையானது, நேரம்தான் பிடிக்கும். இருபது இணையப் பக்கங்கள் ஒரே ஆண்டைச் சொன்னால் அவற்றை ஒரே சாட்சியாகவே எண்ணுகிறேன், ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்தவை என்பதால். நியமனம் லண்டனில் நடந்த நாளையும், இங்கே கரையேறிப் பொறுப்பேற்ற நாளையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்கிறேன். பிறகு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பொறுப்பு மாறிய வாரத்தின் பதிவேட்டை எடுத்து, முதல் நாள் யார் தலைமையில் சபை கூடியது, மறுநாள் யார் தலைமையில் என்று பார்க்கிறேன். சிலையின் பீடத்தையும் சாலைப் பெயர்ப் பலகையையும் கடைசியாகத்தான் நம்புகிறேன். அவை பெரும்பாலும் பிற்பாடு வைத்தவை.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெரியவர் பக்கங்களைத் திருப்பி அனுப்பினார். ராபர்ட் இருந்த எல்லா இடங்களிலும் எட்வர்டு வந்திருந்தார். புதிதாகச் சேர்த்திருந்த ஓர் அத்தியாயத்தில், 1776 தஞ்சாவூர் பற்றிய பத்தியில், ஆளுநரின் பெயர் வர வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "எந்த மாதம் என்று பார்த்துச் சொல்லவும்."