"எதுவுமே கிடைக்கல சார்" என்று வரும் ஆய்வு மாணவருக்கு

இப்படிச் சொல்லிக்கொண்டு நூலகத்துக்கு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "என்ன சொல் போட்டுத் தேடினீங்க?" பெரும்பாலும் ஆய்வுத் தலைப்பு முழுவதையும் அப்படியே தட்டச்சு செய்திருப்பார்: 'செட்டிநாட்டு வீடுகளின் கட்டடக்கலையும் சமூகப் பொருளாதார மாற்றங்களும்'. அந்த வரியை இதுவரை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதை எழுதப் போவதே அவர்தானே!

கணினியை மூடிவிட்டு ஒரு தாளை எடுக்கச் சொல்லுங்கள். தலைப்பை இரண்டு மூன்று கருத்துகளாக உடைத்து, ஒவ்வொன்றின் கீழும் அதற்குள்ள மாற்றுப் பெயர்களை எழுத வேண்டும். நகரத்தார், நாட்டுக்கோட்டைச் செட்டியார், தனவணிகர் மூன்றுமே ஒரே சமூகத்தைத் தேடித் தரும் சொற்கள். ஆங்கிலத்தில் சிக்கல் இன்னும் அதிகம். ஆத்தங்குடி என்ற செட்டிநாட்டு ஊர்ப் பெயரில் வரும் 'த்த'வை ஒருவர் இரண்டு 'டி' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'டிஹெச்' போடுவார். 'குடி'க்கு சிலர் 'ஜி', சிலர் 'கே'. எல்லா வடிவங்களையும் இடையில் 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' (OR) என்ற இணைப்புச் சொல்லைப் பெரிய எழுத்தில் கொடுத்துத் தேட வேண்டும். சிறிய எழுத்தில் கொடுத்தால் கூகுள் அதைச் சாதாரணச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும்.

தமிழில் தேடும்போது வேற்றுமை உருபு காலை வாரும். 'செட்டிநாடு' என்று கொடுத்தால் பல நூலகப் பட்டியல்களில் 'செட்டிநாட்டின்', 'செட்டிநாட்டுக்' என்று தொடங்கும் தலைப்புகள் வராது. 'செட்டிநா' வரை கொடுத்து, முடிவில் நட்சத்திரக் குறி இட்டுப் பாருங்கள். தரவுத்தளங்கள் பலவற்றில் இது எடுபடும். கூகுளில் எடுபடாது, அங்கே அந்தக் குறி விடுபட்ட ஒரு முழுச் சொல்லுக்குத்தான் நிற்கும். பழைய பிடிஎஃப்களில் வேறொரு தொல்லை. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவற்றை ஒருங்குறியில் (யூனிகோடில்) தேடினால் அகப்படாது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் சோத்கங்கா தளத்தில் உள்ள தமிழ் ஆய்வேடுகளைத் தலைப்பை மட்டும் நம்பித் தேடாமல், பல்கலைக்கழகம், துறை என்று ஒவ்வொன்றாக இறங்கிப் பார்ப்பது நல்லது.

மாவட்டப் பெயர் பலருக்கும் தோன்றாத இடம். காரைக்குடிப் பகுதி 1910-க்கு முந்தைய ஆவணங்களில் மதுரை மாவட்டத்தின் கீழ் கிடைக்கும். அதற்குப் பிறகு இராமநாதபுரம். 1985-ல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோதும் அது பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரில்தான் இருந்தது. சிவகங்கை மாவட்டம் என்ற பெயர் 1997-ல் வந்தது. கோனாபட்டு, ராயவரம் போன்ற செட்டிநாட்டு ஊர்கள் பக்கம் போனால் கதையே வேறு. 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், பிறகு திருச்சி மாவட்டம், 1974 முதல் புதுக்கோட்டை மாவட்டம். 1930-களின் ஆவணத்தை 'சிவகங்கை மாவட்டம்' என்று தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவு கட்டுபவர் நிறையப் பேர். நூல் சேகரிப்பாளர் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் 1994-ல் சென்னைக்குப் போய்விட்டன. அங்கே அவர் பெயரில் உள்ள ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலைப் பார்க்காமல் செட்டிநாட்டு அச்சு வரலாற்றைத் தொடுவது வீண் வேலை.

கிடைத்ததை மதிப்பிடும்போது மாணவர்கள் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து வடிவமைப்பையும் 'எங்களைப் பற்றி'யையும் ஆராய்கிறார்கள். அது போதாது. புதிய தாவலைத் திறந்து, அதே செய்தியைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 'செட்டிநாடு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்' என்ற வரியையே வகுப்புப் பயிற்சியாகக் கொடுக்கலாம். யுனெஸ்கோவின் சொந்தத் தளத்துக்குப் போனால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்: செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-ல் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பட்டியல் ஒவ்வொரு நாடும் தானே முன்வைப்பது; அங்கீகாரம் ஆகாது. பத்துச் சுற்றுலாத் தளங்களில் அதே வாக்கியம் சொல் மாறாமல் இருந்தால் அது பத்துச் சான்றல்ல, ஒரு சான்றின் பத்து நகல். செட்டிநாட்டு ஊர்கள் 96 என்பார் ஒருவர், எழுபத்துச் சொச்சம் என்பார் இன்னொருவர். இரண்டில் எது சரி என்று கேட்பதற்கு முன், எந்தக் காலத்துக் கணக்கு, எதை ஊர் என்று எண்ணினார்கள் என்று கேட்கப் பழக்க வேண்டும்.

ஆய்விதழ்களில் ஏமாறுவதற்குப் பணமும் செலவாகும். 'யுஜிசி அங்கீகாரம் பெற்றது' என்று அட்டையில் போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தரமான ஆய்விதழ்களுக்கென வைத்திருந்த கேர் பட்டியலையே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. மூன்று நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தால், ஆசிரியர் குழுவில் இருவரை எடுத்து, அவர்கள் பணிபுரியும் நிறுவனத்தின் பக்கத்தில் அந்த இதழின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐஎஸ்எஸ்என் இருப்பது தரத்துக்குச் சான்றல்ல. அது இதழை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான்.

சாட்ஜிபிடி கொடுத்த மேற்கோள் என்றால் தலைப்பை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். கட்டுரைக்கான நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண்ணைத் தனியாகத் திறந்து பாருங்கள். இதழின் அந்தத் தொகுதியில் அந்தப் பக்கங்களில் என்ன கட்டுரை இருக்கிறது என்று பாருங்கள். ஆசிரியரும் இதழும் உண்மையாகவே இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. இதில்தான் நெறியாளர்களே வழுக்கி விழுகிறார்கள்.

சேர்க்கை வாரத்தில் அரங்கு நிறைய உட்காரவைத்து நடத்தும் அறிமுக வகுப்பால் இதெல்லாம் வராது. ஒப்படைப்பு கையில் இருக்கும் வாரத்தில், இருபது பேருக்கு மிகாமல், ஒன்றரை மணி நேரம், அவரவர் தலைப்பிலேயே தேடவைக்க வேண்டும். வெளியே போகும்போது தேடல் குறிப்பேட்டின் முதல் பக்கம் நிரம்பியிருக்க வேண்டும்: தேதி, தளம், கொடுத்த சொற்கள், கிடைத்த எண்ணிக்கை, எடுத்தவை, தள்ளியவை, ஏன் தள்ளினோம். 'ஏன் தள்ளினோம்' என்ற கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் காலியாக விடுவார்கள். நெறியாளர் கையெழுத்திடும் முன் அதைப் பார்க்கட்டும்.