பழைய வண்டி பாடிக்கு சீம் சீலர்: அடைக்க வேண்டிய இணைப்பும் அடைக்கக் கூடாத துளையும்

புதுப்பித்து இரண்டு ஆண்டுகூட ஆகாத வண்டி. கதவின் அடி ஓரத்திலோ டிக்கித் தளத்தின் மூலையிலோ கோடு போட்டதுபோல் பழுப்பு நிறம் கசிகிறது. பழி பெயிண்ட் மேல் விழுகிறது. ஒரு கத்தி முனையால் அந்த இடத்துச் சீலரை, அதாவது தகடுகள் சேரும் இணைப்பை அடைக்கும் பூச்சை, நெம்பிப் பாருங்கள். நாடா உரிவதுபோல் நீளமாகக் கையோடு வந்துவிட்டால், அடியில் ஈரத் துருதான் இருக்கும். வெளித் தண்ணீரைத் தடுக்க வைத்த சீலர், உள்ளே இருந்த ஈரத்தை வெளியேற விடாமல் பூட்டிவிட்டது.

எந்தச் சீலர் வாங்கலாம் என்பதைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு. சீலருக்கு அடியில் என்ன இருக்கிறது? தண்ணீர் வெளியேற எங்கே வழி இருக்கிறது?

இணைப்புக்குள் நடப்பது

ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு தகடுகளை ஸ்பாட் வெல்டு சில சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியில்தான் பிடித்திருக்கிறது. புள்ளிகளுக்கு நடுவே மயிரிழை அளவு இடைவெளி. அவ்வளவு குறுகலான இடத்தில் தண்ணீர் கீழ்நோக்கி மட்டும் ஓடாது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மேலேயும் ஏறும். உள்ளே போன ஈரம் லேசில் காயாது. இணைப்பின் வாயோரத்தில் ஆக்சிஜன் அதிகம், ஆழத்தில் குறைவு; இந்த வேறுபாடே உள்ளிருக்கும் இரும்பை அரிக்கிறது. துருவின் பருமன், அது தின்ற இரும்பின் பருமனைவிடப் பெரிது. அதனால்தான் வெல்டுப் புள்ளிகளுக்கு நடுவே தகடு உப்புகிறது. பாடியைத் தொட்டியில் முக்கி மின்னோட்டத்தால் பிரைமர் ஏற்றும் முறை 1960-களில் தொடங்கிப் படிப்படியாகவே பரவியது. அதற்கு முந்தைய பாடிகளில் இந்த இடைவெளிக்குள் பூச்சு எதுவும் போகவில்லை என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

பழைய சீலரை எடுக்கும்போது

சுரண்டும் முன் ஒவ்வொரு இணைப்பையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். தொழிற்சாலையில் எங்கே பிரஷ்ஷால் இழுத்தார்கள், எங்கே விரலால் தேய்த்தார்கள், எந்த இணைப்பைச் சும்மா விட்டார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். சும்மா விட்ட இடங்கள் முக்கியம். அவற்றில் பல தண்ணீர் வடியும் வழிகள்.

ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் பிடித்து, சீலர் இளகியதும் ஸ்கிரேப்பரால் தள்ளுங்கள். தீச்சுவாலை வேண்டாம்: பல சீலர்களின் மூலப்பொருளான பாலியூரித்தேன் கருகினால் ஐசோசயனேட்டும் ஹைட்ரஜன் சயனைடும் கலந்த புகை வரும். பழைய தார் வகைப் பூச்சுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. கூரை இணைப்புகளில் ஈயம் உருக்கி நிரப்பியிருப்பார்கள். சந்தேகமான இடத்தில் கிரைண்டர் ஓட்டாதீர்கள். ஈரமாக வைத்துச் சுரண்டுங்கள், சாதாரணத் துணி முகமூடியை நம்பாதீர்கள்.

சுத்தமான பிறகு இருட்டில் தகட்டுக்குப் பின்னால் ஒரு எல்இடி விளக்கை நகர்த்திப் பாருங்கள். ஒளி தெரியும் ஒவ்வொரு புள்ளியும் வெல்டு வேலை. ஓட்டையைச் சீலரால் மூடுவது, புதுப்பித்த பாடிகளில் நாம் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு. சுற்றியிருக்கும் தகடு மெலிந்ததால்தான் அந்த ஓட்டை விழுந்தது. மெலிந்த தகட்டோடு சீலரும் ஒருநாள் கழன்றுவிடும்.

உப்பிய இணைப்புக்குள் எந்த ரசாயனமும் முழுதாகப் போய்ச் சேராது. ஸ்பாட் வெல்டுகளை டிரில் செய்து பிரித்து, இரண்டு முகங்களையும் பளபளப்பாகத் தேய்த்து, துத்தநாக வெல்டு பிரைமர் அடித்து மறுபடி இணைப்பதே தீர்வு. அந்தத் துத்தநாகப் பிரைமர் வெளியே பிதுங்கிய இடத்தைச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள். அதன்மேல் அடுத்து அடிக்கப்போகும் எபாக்ஸி பிரைமரின் பிடிப்பு பலவீனம்.

அமிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாடியை அமிலத் தொட்டியில் முக்கியிருந்தாலும், பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைப் பூசியிருந்தாலும், இடைவெளிக்குள் எச்சம் தங்கிவிடும். அந்த எச்சம் காற்றின் ஈரத்தை இழுத்து, பல மாதம் கழித்து பெயிண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். தயாரிப்பாளர் சொன்னபடி நடுநிலையாக்கி, அலசி, எண்ணெய் கலக்காத உலர்ந்த காற்றை இணைப்பின் இரு பக்கத்திலிருந்தும் ஊதி, பிறகு சூடுகாட்டிக் காய வையுங்கள். சூடு காட்டும்போது இணைப்பு ஓரத்தில் ஈரம் துளிர்த்தால் இன்னும் காயவில்லை. மணல் பீய்ச்சிய பாடியிலும் இதே ஊதல் வேலை உண்டு. மணல் துகள் இணைப்புக்குள் நிறையவே ஒளிந்திருக்கும்.

பிரைமர் முதலில்

வெற்றுத் தகட்டின் மேல் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் சீலர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்கு இளக்கிய எபாக்ஸியை முதலில் சிறு பிரஷ்ஷால் இணைப்பின் வாயில் ஓட்டுங்கள். தண்ணீரை இழுத்த அதே இடைவெளி இப்போது பிரைமரை உள்ளே இழுக்கும். பிறகு வழக்கம்போல் ஸ்பிரே செய்து, ஒரு இரவாவது காய விடுங்கள். தின்னர் முழுதாக வெளியேறாத பிரைமர் மேல் சீலர் வைத்தால் அடியில் குமிழி கிளம்பும்.

அமிலம் கலந்த எட்ச் பிரைமர் மேல் பெரும்பாலான சீலர்களை வைக்கக் கூடாது. பட்டியின் மேலும் வேண்டாம். பட்டி ஈரத்தை உறிஞ்சும், சீலரோடு சேர்ந்து பெயர்ந்தும் வரும். இரு பகுதி (இரண்டு பொருளைக் கலந்ததும் இறுகும்) எபாக்ஸி சீலர்களில் சில வெற்றுத் தகட்டின் மேலேயே வைக்க ஏற்றவை. டப்பாவோடு வரும் தொழில்நுட்பத் தாள் அப்படிச் சொன்னால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

எந்த இடத்துக்கு எது

தளம், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகடு), டிக்கித் தளம், மட்கார்டின் உட்புறம் போன்ற பெரும்பாலான இடங்களுக்கு கலக்கத் தேவையில்லாத ஒரு பகுதி பாலியூரித்தேன் சீலர் போதும். காற்றின் ஈரத்தால் இறுகும், ரப்பர்போல் வளைந்துகொடுக்கும். ஆனால் தேய்க்க முடியாது, உப்புத்தாளை அடைத்துவிடும். எம்எஸ் பாலிமர் என்ற இன்னொரு வகைச் சீலரும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. ஐசோசயனேட் இல்லாததால், காற்றோட்டம் குறைந்த இடத்தில் வேலை செய்பவர்கள் அதையே எடுப்பது நல்லது. ஐசோசயனேட் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால், பிறகு சிறு அளவே மூச்சுத் திணறலைக் கொண்டுவரும்.

பிரஷ்ஷால் பூசும் கரைப்பான் வகை மலிவு, பழைய தோற்றமும் தரும். ஆனால் கரைப்பான் ஆவியாகப் போகும்போது சுருங்கும். தடிமனாக ஒரே தடவை பூசினால் நடுவில் குழிந்து ஓரத்தில் விரிசல் விடும். மெல்லியதாக இரண்டு முறை, இடையில் காய விட்டுப் பூசுங்கள்.

வெளியே தெரியும், அசையாத இணைப்புகளுக்கு இரு பகுதி எபாக்ஸி. சுருங்காது, தேய்த்து ஒழுங்குபடுத்தலாம். அதிர்ந்து வளையும் இடத்தில் வைத்தால் வெடித்துவிடும். கூரை ஓரத் தண்ணீர்ப் பள்ளத்துக்குத் தானே சமன்படும் இரு பகுதி வகை பொருத்தம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பள்ளத்தின் முனைகளை டேப்பால் அணை கட்டி, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள்.

போல்ட் போட்டுக் கழற்றும் பாகங்களுக்கு இறுகும் சீலரே வேண்டாம். இறுகாமல் ஒட்டும் பியூட்டைல் நாடா அல்லது அசல் ரப்பர். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பாடி, தளச் சட்டத்தின் மேல் ரப்பர் சீல் வைத்துப் போல்டால் பிடிக்கப்பட்டது. அந்த ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் போட்டு ஒட்டியவர், அடுத்த முறை பாடியைத் தூக்கத் தகட்டையே கிழிக்க வேண்டியிருக்கும்.

சிலிகானை பெயிண்ட் பட்டறைக்குள் கொண்டுவரவே கூடாது. பெயிண்ட் அதன்மேல் நிற்காது. பக்கத்துத் தகட்டில் கைபட்ட தடம்கூடப் பெயிண்டில் மீன்கண் போலக் குழி விழ வைக்கும். வினிகர் வாடை வீசும் வகை, இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விட்டு இரும்பை அரிக்கும்.

வைக்கும் முறை

எபாக்ஸியின் மறுபூச்சு நேரம் தாண்டியிருந்தால் ஸ்காட்ச்-பிரைட் எனும் நார்த் தேய்ப்பானால் மங்கலாகத் தேயுங்கள். கிரீஸ் நீக்கியால் துடைத்து, அது காயும் முன் இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிடுங்கள். தகட்டின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலத்தின் மேல்தான் சீலர் உட்காரும்.

தேவையான அளவைக் கணக்கிட்டு வாங்குங்கள். 310 மி.லி. கார்ட்ரிட்ஜிலிருந்து 5 மி.மீ. விட்டமுள்ள கோடு சுமார் 15.8 மீட்டர் வரும், 6 மி.மீ. என்றால் சுமார் 11 மீட்டர்தான். நாசிலை ஒரு மில்லிமீட்டர் அதிகமாக வெட்டியதால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீளம் போய்விடுகிறது. காலாவதித் தேதியையும் பாருங்கள். பழைய கார்ட்ரிட்ஜில் சீலர் கட்டிதட்டியிருக்கும்.

இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நாசிலைச் சாய்வாக வெட்டி, இணைப்புக்குள் அழுத்தியபடி முன்னோக்கித் தள்ளிக்கொண்டு போங்கள். மேலே படுக்க வைத்த கோட்டுக்கு அடியில் காற்று சிக்கும். பெயிண்டைச் சூட்டில் காய வைக்கும்போது அது உப்பும். உடனே முடியைக் கட்டையாக வெட்டிய பிரஷ்ஷால் அழுத்தி, ஓரங்களை மெலிதாக இழுத்து, மேல்தோல் கட்டும் முன் டேப்பை உரித்துவிடுங்கள். வழுவழுப்புக்காகச் சோப்புத் தண்ணீர் தொடாதீர்கள், பெயிண்ட் பிடிக்காது. பாலியூரித்தேன் மேல் ஸ்பிரிட்டும் வேண்டாம். ஆல்கஹால் ஐசோசயனேட்டோடு வினைபுரிந்து இறுகுவதைக் கெடுக்கும்.

இரு பகுதிக் கார்ட்ரிட்ஜில் கலப்பு நாசில் மாட்டும் முன் இரண்டு பகுதியும் சமமாக வருகிறதா என்று கொஞ்சம் பிதுக்கிப் பாருங்கள். மாட்டிய பிறகு நிறம் ஒரே சீராகும்வரை வருவதைக் கழித்துவிடுங்கள். கலவை பிசகிய இடம் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

ஒரு பகுதி வகை வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும். 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் நாளுக்கு 2 முதல் 4 மி.மீ. என்பது பொதுவான வேகம். வறண்ட காற்றில் இன்னும் மெதுவாகும். மேல்தோல் காய்ந்ததைப் பார்த்து அவசரமாகப் பெயிண்ட் ஏற்றினால், அடியில் சீலர் அசைந்து பெயிண்டில் சுருக்கமோ விரிசலோ வரும். அதிகம் தாமதித்தாலும் பிடிப்பு குறையும். எவ்வளவு நேரத்துக்குள் பெயிண்ட் ஏற்ற வேண்டும் என்பது தொழில்நுட்பத் தாளில் இருக்கும். அதைத் தாண்டினால் தேய்த்து மறுபடி பிரைமர் அடியுங்கள்.

அடைக்கக் கூடாதவை

கதவின் அடித்துளைகள், ஃபுட்போர்டுப் பெட்டியின் அடியிலுள்ள வடிதுளைகள், கண்ணாடிக்குக் கீழே காற்று உள்வாங்கும் பெட்டியின் வடிகால். இவற்றில் சீலர் வைக்கும் முன்பே மெழுகு தடவிய குச்சியைச் செருகி வைத்து, வேலை முடிந்ததும் உருவுங்கள். தண்ணீர் வந்து மோதும் பக்கத்தை அடைக்க வேண்டும், வடியும் பக்கத்தைத் திறந்தே விட வேண்டும். கதவுத் தகட்டின் மடிப்பை ஓரம் முழுக்க அடைக்கலாம். ஆனால் துளை வாயில் சீலர் வரப்புபோல் நிற்கக் கூடாது, தண்ணீர் அதற்குப் பின்னால் தேங்கும்.

துருவைத் தடுக்கப் பாடியின் மூடிய உட்பெட்டிகளுக்குள் அடிக்கும் மெழுகு பெயிண்டுக்குப் பிறகுதான். முன்பே அடித்தால் அது இணைப்பின் வழியாகக் கசிந்து, சீலரும் பெயிண்டும் ஒட்டாமல் செய்யும்.

மெழுகு அடிக்கும் முன் சோதனை. குழாய்த் தண்ணீரை அழுத்தமில்லாமல், கீழிருந்து தொடங்கி மேலே நகர்த்துங்கள். மேலிருந்து தொடங்கினால் எந்த இணைப்பு கசிகிறது என்று பிரித்தறிய முடியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து, இணைப்புகளின் மேல் சாக்பீஸ் தூளைத் தடவி வைத்துப் பார்க்கட்டும். நனைந்த தடம் கசிவின் வாயைக் காட்டும். பிறகு ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, கீழே வைத்த வாளியில் எவ்வளவு வந்தது என்று அளந்து பாருங்கள். லேசான ஈரம் போகக் குறைவது, உள்ளே எங்கோ தேங்கி நிற்கிறது.