இடி விழுந்தது சில்வர் ஓக்குல, போனது வீட்டு போர்டு

நான் கம்பத்துல இருந்து கம்பம்மெட்டு, வண்டன்மேடு, கட்டப்பனை பக்கம் ஏறி எறங்கி வேலை பாக்குற ஆளு. டேங்க் லெவல் சென்சார், கேமரா, கேட் சென்சார், ஏலத்தோட்டத்துல மண் ஈரம் பாக்குற சென்சார், மோட்டார் ஆட்டோமேட்டிக், இதான் பொழப்பு. ஐப்பசி பொறந்துருச்சுன்னா மத்தியானம் மூணு மணிக்கு மேகம் கட்டும், சாயங்காலம் இடி, மறுநாள் காலைல ஆறு மணிக்கெல்லாம் எனக்கு போன் வந்துரும். சித்திரை வைகாசி கோடை மழைக்கும் இதே கூத்துதான். போன் பண்றவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பாங்க, "தம்பி, கரண்ட் ஏறி எல்லாம் போச்சுப்பா."

கரண்ட் லைன் வழியா ஏறுறதும் உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா சென்சார் போட்ட வீட்டுல பாதிக்கு மேல நான் பாத்தது வேற, வந்த வழி கரண்ட் கம்பி இல்ல, நாம இழுத்து விட்ட சென்சார் வயருதான்.

வண்டன்மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு. அவங்க தாத்தா காலத்துல உத்தமபாளையத்துல இருந்து மேல போய் தோட்டம் போட்டவங்க. வீடு கீழ, டேங்க் மேட்டுல, நடுவுல ஒரு 120 மீட்டர் வயர். டேங்க்ல ஆர்எஸ் 485ங்கிற முறையில வயர் வழியா தூரத்துக்குத் தகவல் அனுப்புற லெவல் சென்சார், வீட்டுக்குள்ள கன்ட்ரோலர், அதுல இருந்து ரவுட்டருக்கு ஒரு லேன் வயர். ஒரு நாள் சாயங்காலம் டேங்க்ல இருந்து அறுபது மீட்டர் தள்ளி மிளகு ஏத்தியிருந்த சில்வர் ஓக்குல இடி விழுந்துச்சு, மரம் உச்சியில இருந்து பாதி வரைக்கும் பட்டை உரிஞ்சு போச்சு. வீட்டுல பேன் ஓடுது, பிரிட்ஜ் ஓடுது, டிவி ஓடுது, எம்சிபி (லோடு கூடுனா விழுற சுவிட்ச்) கூட விழல. கன்ட்ரோலரை மட்டும் தொறந்து பாத்தா அந்த ஆர்எஸ் 485 சிப்புல மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை, சுத்தி கரி, போர்டுல செம்புக் கோடு ஆவியாப் போயிருக்கு. ரவுட்டர்ல வைஃபை வேலை செய்யுது, லேன் போர்ட் செத்துருச்சு. வீட்டுக்கார ஐயா என்னையப் பாத்து கேட்டாரு, "ஏப்பா, அவ்வளவு காசு குடுத்து ஸ்டெபிலைசர் வச்சிருக்கேனே, அப்புறம் எப்படிப்பா?"

ஸ்டெபிலைசர் வோல்டேஜ் கூடுறது குறையுறத சரி பண்ற பொட்டி. அதுக்குள்ள இருக்குற ரிலே தட்டவே மில்லி செகண்ட் கணக்குல நேரம் ஆகும், மின்னல் சர்ஜ் (திடீர்னு பாயுற அதிக வோல்டேஜ்) ஏறுறது மைக்ரோ செகண்ட்ல, அதாவது பத்து லட்சத்துல ஒரு பங்கு செகண்ட் கணக்குல, ரிலே முழிக்கிறதுக்குள்ள வந்து முடிஞ்சு போயிரும். எம்சிபியும் அப்படித்தான். கரண்ட் கசிஞ்சா அணையுற ஆர்சிசிபி சுவிட்ச் ஆளைக் காப்பாத்த வச்சது, போர்டைக் காப்பாத்த இல்ல. கடையில விக்கிற ஸ்பைக் கார்டுல ஒரு எம்ஓவி (வோல்டேஜ் எகிறுனா அதை அமுக்குற சின்ன பாகம்) இருக்கும், ஒண்ணும் இல்லாததுக்கு அது தேவலாம், ஆனா பிளக்குல எர்த் இல்லாத வீட்டுல அது பாதி வேலைதான் பாக்கும், சென்சார் வயர் வழியா வர்றத அது பாக்கவே பாக்காது.

இப்ப நான் பண்ணுன தப்புக்கு வர்றேன், இதச் சொல்லத்தான் எழுதவே ஒக்காந்தேன். அந்த டேங்க்கிட்ட "பாதுகாப்பா இருக்கட்டும்"னு நானே தனியா ஒரு எர்த் ராடு அடிச்சு சென்சார் வயரைச் சுத்தி இருக்குற ஷீல்டு வலையை அதுல கட்டி வச்சிருந்தேன். வீட்டுல வேற எர்த். ரெண்டுக்கும் சம்பந்தம் கெடையாது, நடுவுல என் வயர் மட்டும். சாதாரணமா ஒரு மின்னல்ல 30,000 ஆம்பியர் போகும்னு வச்சுக்கங்க, அது எறங்குற எடத்துல பூமியோட தடை 10 ஓம்னா கூட 3 லட்சம் வோல்ட் ஆயிருது. நம்ம மலையில பாறை, பத்து ஓம் கெடைக்கிறதே பெரிய விஷயம். அந்த வோல்டேஜ் தள்ளிப் போகப் போக கொறையும், ஆனா மரத்துக்குப் பக்கத்துல இருக்குற டேங்க் எர்த்துக்கும் கீழ வீட்டு எர்த்துக்கும் நடுவுல பல ஆயிரம் வோல்ட் வித்தியாசம் வந்துரும். மேல் டேங்க்குக்கும் கீழ் டேங்க்குக்கும் பைப் போட்டு விட்டா தண்ணி ஓடாம நிக்குமா? அந்த ஆர்எஸ் 485 சிப்பு சாதாரணமா தாங்குறது ஒரு பக்கம் 12 வோல்ட், இன்னொரு பக்கம் மைனஸ் 7. அவ்வளவுதான்.

மரத்தடியில நிக்கிற மாடு சாகுறதும் இந்தக் கணக்குதான். மாட்டு மேல இடி விழணும்னு இல்ல, முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவுல உள்ள தரை வோல்டேஜ் வித்தியாசமே போதும். நான் எர்த் ராடு அடிச்சு வச்சது, வீட்டு போர்டுக்கு 120 மீட்டர் நீளத்துல ஒரு பின்னங்கால் வச்சு விட்ட மாதிரி.

வயரை மண்ணுக்குள்ள பொதச்சிட்டா தப்பிச்சுரலாம்னு சில பேர் சொல்லுவாங்க, நம்பாதீங்க, மண்ணுக்குள்ளதானே அந்த வோல்டேஜே இருக்கு.

இப்ப நான் மேட்டுல இருக்குற டேங்க்குக்கு வயரே இழுக்குறதில்ல. வயர் இல்லாம ரேடியோவுல ரொம்ப தூரம் தகவல் அனுப்புற ஒரு லோரா போர்டு, சின்ன சோலார் பேனல், ஒரு லித்தியம் பேட்டரி, எல்லாம் பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள, எர்த் கெடையாது, வீட்டோட எந்தக் கம்பியும் சேராது. நம்ம நாட்டுல அதுக்கு 865ல இருந்து 868 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸ் வேணாம். டேங்க் மேலயே இடி விழுந்தா அந்தப் பெட்டி போகும், போகட்டும், வீட்டுக்குள்ள இருக்குற கன்ட்ரோலரும் ரவுட்டரும் கேமரா ரெக்கார்டரும் நிக்கும்ல. தூரத்துல இருக்குற கேமராவுக்கு பைபர். அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு, போஸ்ட்டுல இருந்து வர்ற பைபர் வயர்ல தொங்க விடுறதுக்குன்னு ஒரு இரும்புக் கம்பி ஒட்டியே வரும், ஆளுங்க அதையும் சேத்து மோடம் வரைக்கும் கொண்டு வந்து சுருட்டி வச்சிட்டுப் போயிருவாங்க. வீட்டு செவுத்துக்கு வெளியவே அந்தக் கம்பியைப் பிரிச்சு நிறுத்திட்டு கண்ணாடி இழையை மட்டும் உள்ள விடச் சொல்லுங்க.

வயர் இழுத்தே ஆகணும்னா ரெண்டு முனையிலயும் சிக்னல் சர்ஜ் புரொடெக்டர் வேணும், கேஸ் டிஸ்சார்ஜ் டியூபும் டிவிஎஸ் டையோடும் (ரெண்டும் வோல்டேஜை எகிற விடாம அமுக்குற பாகம்) சேந்து இருக்குறதா பாத்து வாங்குங்க. வீட்டு முனையில அதோட எர்த் வீட்டு மெயின் எர்த்துக்கே போகணும், தனிக்குழி தோண்டக் கூடாது. இடிதாங்கி வச்சிருக்கிற வீட்டுலயும் இதே கதைதான், அதோட எர்த்தும் வீட்டு எர்த்தும் கீழ ஒண்ணாக் கட்டியிருக்கணும். இடிதாங்கி கட்டடத்தைக் காப்பாத்தும், உள்ள இருக்குற போர்டைக் காப்பாத்துறது அதோட வேலை இல்ல.

வீட்டுக்குள்ள கரண்ட் பிரியுற டிபி பாக்ஸ்ல டைப் 2 எஸ்பிடி (சர்ஜை எர்த்துக்குத் திருப்பி விடுற கருவி) ஒண்ணு கண்டிப்பா போடுங்க, எர்த்திங் ஒழுங்கா தெரிஞ்ச, எர்த்திங்குக்கான இந்திய விதிமுறை ஐஎஸ் 3043ன்னா என்னன்னு கேட்டா முழிக்காத எலக்ட்ரீசியனை வச்சு. போன மாசம் ஒரு வீட்டுல டிபியைத் தொறந்தா நல்ல எஸ்பிடிதான், எர்த் வயர் மட்டும் மிச்சம் இருந்துச்சுன்னு ஜிலேபி மாதிரி சுத்தி டேக் போட்டு அழகா வச்சிருக்கான், ரெண்டு மீட்டர் இருக்கும். வேகமா ஏறுற கரண்டை எதிர்க்கிற குணம் (இண்டக்டன்ஸ்) ஒரு மீட்டர் வயருக்கு சுமாரா ஒரு மைக்ரோ ஹென்றி. பத்தாயிரம் ஆம்பியர் பத்து மைக்ரோ செகண்ட்ல ஏறுனா மீட்டருக்கு 1000 வோல்ட் அந்த வயர்லயே நிக்கும், ரெண்டு மீட்டருக்கு 2000, சுத்தி வச்சா இன்னும் கூட. எஸ்பிடி எவ்வளவு அமுக்குனாலும் இது அதுக்கு மேல சேந்து போர்டுக்குத்தான் போகுது. வயர் மொத்தமே அரை மீட்டருக்குள்ள, நேரா, குட்டையா இருக்கணும். பாக்க அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போகுது. எஸ்பிடில ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், பச்சை சிவப்பாயிருந்தா அது செத்துருச்சு, மழை சீசன் முடிஞ்சதும் ஒரு தடவ எட்டிப் பாருங்க.

இதெல்லாம் இருந்தாலும் பிளக்கைப் புடுங்குறதுக்கு ஈடு கெடையாது, ஆனா இடி தலைக்கு மேல வந்தப்புறம் போய்ப் புடுங்காதீங்க. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவுல மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர், முப்பது செகண்டுக்குள்ள சத்தம் கேட்டா வயரைத் தொடாம உள்ள ஒக்காந்துருங்க, மோட்டார் ஸ்டார்ட்டர் பக்கமே போகாதீங்க. புனேல இருக்குற ஐஐடிஎம் போட்ட தாமினி ஆப் போன்ல வச்சுக்கிட்டா கொஞ்சம் முன்னாடியே தெரியும், மேகம் கட்டும்போதே பிளக்கைப் புடுங்கிரலாம். லேன் வயரையும் சேத்து புடுங்குங்க, அதை எல்லாரும் மறந்துருவாங்க.

இன்னொண்ணு, சர்ஜ் எல்லாத்தையும் ஒரேடியா கொல்லாது, அரைகுறையா விட்டுட்டுப் போறதுதான் ஆபத்து. கேஸ் லீக் சென்சார், புகை சென்சார்ல பச்சை லைட் எரியும், உள்ள சென்சார் செத்திருக்கும். ஒவ்வொரு பெரிய இடிக்கும் அப்புறம் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க. அந்த வண்டன்மேட்டு வீட்டுல கன்ட்ரோலர் செத்தது எனக்குத் தெரிய வந்ததே பதினோரு நாள் கழிச்சுதான். வீட்டு ஸ்கிரீன்ல டேங்க் 62 சதவீதம்னே காட்டிக்கிட்டு இருந்துருக்கு, கடைசியா வந்த நம்பரை அப்படியே புடிச்சு வச்சிருக்கு. மழைக் காலம்தானே, தண்ணி அவ்வளவா எறங்கலன்னு ஐயாவும் விட்டுட்டாரு. பன்னெண்டாவது நாள் அவரு சம்சாரம் குழாயைத் தொறந்தாங்க, காத்துதான் வந்துச்சு.