ஏழரை ஹெச்.பி. போட்டா இழுக்குமா?

ஒன்பதாம் வகுப்பில் ‘பாய்மங்கள்’ பாடத்தை நான் புத்தகத்திலிருந்து தொடங்குவதில்லை. மோட்டாரின் குதிரைத்திறன் (ஹெச்.பி.) பற்றி ஒரு கேள்விதான். “கோடையில தண்ணி இறங்கிப்போச்சு, மேல இருக்கிற அஞ்சு ஹெச்.பி. மோட்டார் இழுக்கல. ஏழரை போட்டா இழுக்குமா?” மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளைகள். முக்கால்வாசிப் பேர் “இழுக்கும் சார்” என்பார்கள். வீட்டில் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

அடுத்து ஒரு பாட்டில். வாய்வரை தண்ணீர், மூடியில் துளையிட்டு ஒரு ஸ்ட்ரா, சுற்றிலும் எம்-சீல். வகுப்பின் பலசாலியை உறிஞ்சச் சொல்வேன். முகம் சிவப்பதுதான் மிச்சம். மூடியில் இன்னொரு துளை போட்டதும் தண்ணீர் ஏறிவிடும். ‘நாம இழுக்கல, வெளிக்காத்து தள்ளுது’ என்று அவர்களே சொல்லும்வரை நான் வாய் திறப்பதில்லை. இந்த மௌனம் எனக்குக் கைகூடவே சில வருடங்கள் பிடித்தன.

காற்று பாதரசத்தை 76 செ.மீ. தூக்கும். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி. பெருக்கினால் சுமார் 10.3 மீட்டர். முழு வெற்றிடம் உண்டாக்கினாலும் உச்சவரம்பு அதுதான். உராய்வும் கசிவும் போக, நடைமுறையில் ஏழெட்டு மீட்டர். ஹெச்.பி.க்கு இங்கே வேலையே இல்லை.

“அதான் தாத்தா ஃபில்டர் பாயிண்ட் பக்கத்துல குழி வெட்டி மோட்டாரை உள்ள இறக்குனாங்களா சார்?” என்றாள் ஒரு மாணவி. ஆமாம், அதேதான். ஃபில்டர் பாயிண்ட் என்கிற ஆழம் குறைந்த குழாய்க்கிணற்றின் பக்கத்தில் குழி வெட்டி இறக்கினால், மோட்டார் தண்ணீருக்கு நெருங்கிவிடும். நீர்மூழ்கி மோட்டார் அடியிலிருந்து மேலே தள்ளுவதால் இந்த வரம்பு அதைக் கட்டுப்படுத்தாது. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) கல்வி என்றதும் ரோபோ கிட் வாங்கப் பட்டியல் போடுகிறோம். குழி வெட்டிய அந்தத் தாத்தா செய்தது பொறியியல் இல்லையா?

வீட்டுப்பாடம்: 200 லிட்டர் டிரம், செல்போன் ஸ்டாப்வாட்ச். மோட்டார் தண்ணீரில் டிரம் நிரம்ப எத்தனை விநாடி? ஸ்டார்ட்டரைப் பெரியவர்கள் மட்டுமே தொட வேண்டும், இதில் சமரசம் கிடையாது. ஒரு மாணவன் 20 விநாடி என்று எழுதி வந்தான். நொடிக்கு 10 லிட்டர். நீர்மட்டத்திலிருந்து குழாய் வாய்வரை 15 மீட்டர் என்று அவன் அப்பா சொன்னாராம். நொடிக்கு 10 கிலோ தண்ணீர், புவியீர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் 15. தண்ணீரை ஏற்றத் தேவையான திறன்: 10 × 9.8 × 15 = 1470 வாட். மோட்டாரோ 5 ஹெச்.பி., அதாவது 3730 வாட். நாற்பது சதவீதம்கூடத் தேறவில்லை. (மோட்டார் உண்மையில் வாங்கும் மின்சாரத்தை அளந்தால் கணக்கு இன்னும் சரியாக வரும். இலவச மின்சாரப் பம்புசெட்டில் மீட்டரை எங்கே தேடுவது?) மீதி எங்கே போயிற்று என்று மணியடித்த பிறகும் சண்டை ஓயவில்லை.

மறுவாரம் அதே பையன் 19 விநாடி என்று எழுதியிருந்தான். தொட்டிக்கு மேலே ஆளுயரத்தில் நின்ற குழாய் வாயை அப்பா தாழ்த்திவிட்டாராம். மூன்று தடவை அளந்தாயா என்று கேட்டேன். இல்லை என்றான். திரும்ப அளக்கப் போயிருக்கிறான்.