எல்சாவின் கையுறையை உங்கள் பிள்ளைக்கு மாட்டாதீர்கள்

“யாருக்கும் தெரியாம பாத்துக்கிட்டோம் மேடம், ஆனாலும் சரியாகல.” குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சமீபத்தில் வந்தவள் ஒன்பதாம் வகுப்புப் பெண். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் கை நடுங்கும். உள்ளங்கை வியர்த்துப் புத்தகத்தின் ஓரமே நனைந்துவிடும். இறுக்கிப் பிடித்துக்கொள்ள அம்மா ஒரு கைக்குட்டை கொடுத்தார். அப்பா டீச்சரிடம் பேசி, வாசிக்க வேண்டாம் என்று அனுமதி வாங்கினார். இப்போது பள்ளிக்கே போகமாட்டேன் என்கிறாள்.

அவளுக்கு ‘ஃப்ரோஸன்’ மனப்பாடம். 2013-இல் வந்த அந்த டிஸ்னி அனிமேஷன் படத்தின் இளம் ராணி எல்சாவுக்கும் இதுதான் நடந்தது. அவள் கையிலிருந்து பனி பாயும், தொட்டது உறைந்துபோகும். சிறுவயதில் விளையாட்டில் தெரியாமல் அந்தப் பனியால் தங்கையைக் காயப்படுத்திவிடுகிறாள். பயம்தான் இவளுக்கு எதிரி என்று பூதக் கிழவர் எச்சரிக்கிறார். பெற்றோரோ அரண்மனைக் கதவுகளை அடைத்து, தங்கையைப் பிரித்து, கையில் உறை மாட்டி, எதையும் வெளிக்காட்டாதே என்று பழக்குகிறார்கள். பாசத்தால்தான் செய்தார்கள். வளர்ந்தது பயம்தான். முடிசூட்டு விழாவில் உறையைக் கழற்றிச் செங்கோலைப் பிடிக்கும் அவள் முகத்தைப் பாருங்கள். நாடே எதிரில் நிற்க, அவள் கவனமெல்லாம் தன் விரல்களில்தான். அன்றே எல்லோர் முன்னும் பனி வெளிப்பட்டுவிட, மலைக்கு ஓடிப்போய்ப் பனி மாளிகை கட்டித் தனியாக இருந்துவிடுகிறாள்.

அதைவிட என்னை வதைப்பது, “மலைக்குப் போனதும் அவளுக்குச் சரியாயிடுச்சே, இவளையும் கொஞ்ச நாள் தனியா விட்டா சரியாயிடும்” என்பது. சரியாகவில்லை! பனி மாளிகையில் கிடைத்தது தற்காலிக நிம்மதி. கீழே ஊரே உறைந்து கிடக்கிறது. அதைச் சொல்ல வந்த தங்கையின் நெஞ்சிலேயே பனி பாய்கிறது. தப்பித்து ஓடும்போது வரும் நிம்மதி, ‘ஓடியதால்தான் பிழைத்தேன்’ என்று மனதுக்குக் கற்றுக்கொடுக்கும். அடுத்த முறை வகுப்பறை வாசலை மிதிப்பதே மலையாகிவிடும். நீங்கள் எழுதும் ஒவ்வொரு லீவு லெட்டரும் அந்தப் பாடத்தைத்தான் உறுதிப்படுத்துகிறது. அடக்கினாலும் போகாது. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லிப் பார்த்த உளவியலாளர் வெக்னரின் 1987 ஆய்வில், கரடி திரும்பத் திரும்ப வந்தது.

அதற்காகப் பிள்ளையை இழுத்துப்போய் மேடையில் நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. அதுவும் கெடுதல்தான். படிப்படியாகப் போங்கள்: முதலில் வீட்டில் ஒரு பத்தி, பிறகு ஒரு தோழி முன், பிறகு டீச்சர் முன் தனியாக, கடைசியில் வகுப்பு. ஒவ்வொரு படியிலும் பயம் கொஞ்சம் தணியும்வரை அங்கேயே இருக்கட்டும். பாதியில் கூட்டிவந்துவிடாதீர்கள். “பயப்படாதே” வேண்டாம்; “பயமா இருக்கா? சரி, பயத்தோடயே ஒரு வரி படி” என்று சொல்லுங்கள். கைக்குட்டையையும் மெல்ல மெல்ல விட வையுங்கள். உறவினர்களிடம் பொய் சொல்லி மறைக்காதீர்கள், அதை அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

பள்ளிக்குப் போவதே நின்றுவிட்டால் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. உடனே பேச வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.