திருவக்கரையில் கல், நெய்வேலியில் கரி

புதுச்சேரியிலிருந்து வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் திருவக்கரை. பௌர்ணமி இரவில் வக்ரகாளியம்மன் கோயில் ஜோதியைப் பார்க்க ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அதே ஊரின் செம்மண் மேட்டில் கிடக்கும் கல்மரங்களை, அதாவது கல்லாகிப்போன பழங்கால மரங்களைப் பார்க்காமலே பலர் பஸ் ஏறிவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம். அமெரிக்காவின் அரிசோனாவுக்கும் கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவுக்கும் கல்மரம் பார்ப்பதற்கென்றே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். அவற்றோடு சேர்த்துச் சொல்லத் தகுந்த இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு இயற்கையாளர் பியர் சொன்னெரா இதைப் பற்றி எழுதிவைத்தார். 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதைத் தேசியக் கல்மரப் பூங்காவாக்கியது. பரப்பு 247 ஏக்கர். மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்.

“ரொம்ப நாள் மண்ணுக்குள் கிடந்தால் மரம் கல்லாகிவிடும்” என்று சொல்லக் கேட்டிருப்போம். எத்தனை கோடி ஆண்டு போனாலும், காற்றும் ஈரமும் படும்படி கிடக்கும் மரம் மட்கித்தான் போகும். அதைக் கல்லாக்குவது நிலத்தடி நீர். காலம் அந்த நீருக்கு அவகாசம் தருகிறது, அவ்வளவே.

முதலில் மரம் சீக்கிரமாகப் புதைய வேண்டும். ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் பூஞ்சைகள் மரத்தின் நாராகிய செல்லுலோஸைத் தின்றுவிடும். சில ஆண்டுகளில் ஒன்றும் மிஞ்சாது. வெள்ளம் கொண்டுவந்த மணலும் களிமண்ணும் மரத்தை மூடி, அந்த மண்ணில் நீர் முழுக்க ஊறி நின்றால் ஆக்சிஜன் உள்ளே போகாது. மட்குவது மிக மெதுவாகிவிடும்.

அடுத்து அந்த நீரில் சிலிக்கா, அதாவது மணலில் நிறைந்திருக்கும் சிலிக்கான் ஆக்சைடு, கரைந்திருக்க வேண்டும். எரிமலைச் சாம்பலிலிருந்து அது ஏராளமாகக் கரையும். கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் சிதைந்து களிமண்ணாகும்போதும் கரைந்து வரும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் குவார்ட்ஸ், அதாவது நம் வெங்கச்சங்கல், சுமார் 10 மில்லிகிராம்தான் கரையும். படிக ஒழுங்கு இல்லாத சிலிக்காவோ 100 மில்லிகிராமுக்கு மேல் கரையும். நாம் குடிக்கும் கிணற்று நீரிலேயே லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் இருப்பது சாதாரணம்.

கரைந்த சிலிக்கா ஏன் மரத்தில் போய் ஒட்டுகிறது? செல்லுலோஸிலும் மரத்துக்கு உறுதி தரும் லிக்னினிலும் உள்ள ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள், நீரில் கரைந்த சிலிக்காவான சிலிசிக் அமில மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கின்றன. பிடிபட்டவை ஒன்றோடொன்று கோத்து, நீரை வெளியேற்றி, செல் சுவரின் மேல் மெல்லிய படலமாகின்றன. பிறகு சுவர் மெல்லமெல்லச் சிதைய, அந்த இடத்தையும் சிலிக்காவே பிடிக்கிறது. மரத்தில் நீர் ஏறும் நாளங்களின் வெற்றிடம் நிரம்புவது பெரும்பாலும் கடைசியில்தான். தொடக்கத்தில் படிவது நீர் கலந்த சிலிக்காவான ஓப்பல். அது நாளடைவில் நுண்படிகச் சிலிக்காவான கால்செடனியாகவும் குவார்ட்ஸாகவும் இறுகுகிறது.

இதற்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் குவார்ட்ஸின் எடை சுமார் 2,650 கிலோ. கடந்து போகும் ஒவ்வொரு லிட்டர் நீரும் 20 மில்லிகிராமை விட்டுச் செல்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் மரத்தைக் கல்லாக்க 13 கோடி லிட்டருக்கு மேல் நீர் அதன் வழியே ஊர்ந்திருக்க வேண்டும். நீரில் சிலிக்கா மிகுந்திருந்தால் வேகம் கூடும். ஜப்பானில் சிலிக்கா மிகுந்த வெந்நீரூற்று ஒன்றில் ஆய்வாளர்கள் மரத்துண்டுகளைப் போட்டுவைத்தார்கள்; 7 ஆண்டுகளில் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் சிலிக்காவாகிவிட்டது.

இந்த வேலை கெட்டுப்போகவும் வழிகள் உண்டு. சிலிக்கா வருவதற்குள் நடுத்தண்டு மட்கிவிட்டால், அந்தப் பொந்தில் வெறும் கால்செடனி கட்டியாகும். செல் அமைப்பு எதுவும் தெரியாது. மேல்மண்ணின் பாரம் முந்திக்கொண்டால் செல்கள் நசுங்கிவிடும். சிலிக்கா போதாமல், சதுப்பில் மட்கியும் மட்காமலும் கிடந்து நசுங்கினால் மரத்தின் கார்பன் அப்படியே தங்கிவிடும். அதுதான் பழுப்பு நிலக்கரி. இதைப் பார்க்கவும் தூரம் போக வேண்டாம். திருவக்கரைக் கல்மரங்கள் கிடப்பது கடலூர் மணற்கல் என்று நிலவியலார் பெயர் வைத்த அடுக்கில். கடலூர் கேப்பர் மலையும் அதே கல்தான். நெய்வேலியில் அந்த மணற்கல்லைத் தோண்டி அகற்றினால்தான் அடியில் நிலக்கரி வருகிறது. ஒரு பக்கம் கார்பன் போய்ச் சிலிக்கா வந்தது. மறுபக்கம் கார்பன் போகவே இல்லை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்குள்ளேயே இரண்டையும் காணக் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

திருவக்கரையில் முதலில் கவனிக்க வேண்டியது, மரங்கள் படுத்துக் கிடப்பதை. கிளை இல்லை, இலை இல்லை, வேர் இல்லை. தென்பெண்ணையிலும் சங்கராபரணியிலும் பெருவெள்ளம் வரும்போது எல்லாம் ஒடிந்து அடிமரம் மட்டும் உருண்டு வருவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இவை வேறெங்கோ வளர்ந்து, ஆற்றோடு வந்து, மணலில் புதைந்தவை. லெஸ்போஸில் எரிமலைச் சாம்பல் நின்ற நிலையிலேயே மூடியதால் அங்கே பல மரங்கள் வேரோடு நிமிர்ந்து நிற்கின்றன.

அடுத்தது வெட்டுமுகம். ரம்பம் போட்டு அறுத்ததுபோல் குறுக்கே துண்டு துண்டாக இருக்கும். யாரும் அறுக்கவில்லை. குவார்ட்ஸ் வளையாது; அடியில் மண் அசைந்தாலோ மேல்பாரம் விலகினாலோ நறுக்கென்று முறியும். அரிசோனாவின் சுமார் 22 கோடி ஆண்டு மரங்களும் இப்படித்தான் முறிந்து கிடக்கின்றன. அங்கே தெரியும் சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஆக்சைடு தரும் நிறங்கள்.

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றை எடுத்துப் போங்கள். வெட்டுமுகத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, முகத்தைக் கல்லுக்கு இரண்டரை சென்டிமீட்டர் அருகே கொண்டுபோனால், ஊசி குத்தியதுபோல் சிறு துளைகள் தெரியும். அவை நீர் ஏறிய நாளங்கள். துளைகள் இருந்தால் புளி, புங்கன் போன்ற பூக்கும் மரம். நுண்ணிய செல்கள் மட்டும் ஒழுங்கான வரிசையில் இருந்தால் ஊசியிலை மர இனம். வெயில் ஏறுவதற்கு முன்போ மாலை 4 மணிக்குப் பிறகோ சாய்ந்த வெளிச்சத்தில் இது நன்றாகத் தெரியும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இன்னும் தெளிவு.

சில்லு ஒன்றைக்கூட எடுத்து வராதீர்கள். அரிசோனாவில் அலங்காரக் கல்லுக்காக வண்டி வண்டியாக ஏற்றிப் போனார்கள். அரைத்துத் தேய்ப்புப் பொடியாக்கவும் முயன்றார்கள். 1906இல் சட்டப் பாதுகாப்பு வந்த பிறகே மிச்சம் தப்பியது. மரம் கிடந்த திசையும் மண் அடுக்கும் தெரிந்தால்தான் அது எந்த ஆற்றில் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கணிக்க முடியும். வீட்டு அலமாரிக்கு வந்த துண்டிலிருந்து அதைப் படிக்க முடியாது.