கன்னியாத் தண்ணீரும் கொச்சிக்காயும்

ஆடி மாதக் கச்சான் காற்று வீசிய ஒரு மத்தியானம் திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருந்தோம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இருந்ததிலேயே சூடான தண்ணீரில் இரண்டு வாளி அள்ளித் தலையில் ஊற்றினேன். கன்னமும் மூக்கும் குப்பென்று எரிந்தன. "என்ன பிள்ளை, முகம் இப்பிடிக் கொதிக்குது?" என்று மாமி தொட்டுப் பார்த்தா. வீட்டுக்கு வந்து உறைப்புச் சம்பலோடு சோறு சாப்பிட்டேன். அதே எரிவு, அதே இடத்தில்.

எனக்கு ரோசேசியா, முகம் அடிக்கடி சிவந்து எரியும் நாள்பட்ட தோல் நோய். சூடும் உறைப்பும் ஒரே இடத்தைச் சுடுவதற்குக் காரணம் இருக்கிறது. நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம், கதவு மாதிரி. 43 பாகை செல்சியஸ் அளவு சூடு பட்டால் அது திறக்கும். கொச்சிக்காயில் உள்ள கேப்சைசின் பட்டாலும் திறக்கும். அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் இதை வெளியிட்டது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு. அப்புறம், வாய்க்கும் கன்னத்துக்கும் உணர்வைக் கொண்டுபோவது ஒரே முக்கிளை நரம்பு. கதவு திறந்ததும் நரம்பு நுனிகள் விடும் பொருள்கள் இரத்தக்குழாய்களை விரியச் செய்கின்றன. எங்களைப் போன்றவர்களுக்கு இது சட்டென்று நடக்கும், லேசில் அடங்காது. அடிக்கடி நடந்தால் குழாய்கள் சில விரிந்தபடியே நின்றுவிடும்.

மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. எரிவும் சிறு பருக்களும்தான் முதலில் தெரியும். அதனால் முகப்பரு என்றே நினைப்போம். நானும் கடையில் வாங்கிய வெள்ளையாக்கும் கிரீம் ஒன்றைப் பூசினேன். ஒரு கிழமை அடங்கியது, விட்டதும் இரண்டு மடங்காக வந்தது. அதில் ஸ்டீரோய்ட் இருந்திருக்கிறது. முகத்துக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை என்பேன்.

தோல் வைத்தியர் தந்தது மெட்ரோனிடசோல் ஜெல். சிலருக்கு அசெலாயிக் அமிலம் அல்லது ஐவர்மெக்டின் கிரீம் எழுதுவார்கள். வெயிலுக்கு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, சிங்க் ஒக்சைட் கலந்த சன்ஸ்கிரீன். நிலாவெளிக் கடற்கரை மணலில் வெளிச்சம் கீழிருந்தும் அடிப்பதால் தொப்பி மட்டும் போதாது. தேத்தண்ணியை விடவேண்டியதில்லை, பெரும்பாலும் குற்றவாளி அதன் சூடுதான். ஒத்துவராதது ஆளுக்கு ஆள் வேறு என்பதால், முகம் எரிந்த நாளில் என்ன சாப்பிட்டேன், எங்கே நின்றேன் என்று கலண்டரில் குறித்துவைக்கிறேன். கத்தரிக்காய்க் கறி தப்பித்தது. அடுப்படியில் சோறு வடிக்கும் ஆவி மாட்டிக்கொண்டது, இப்போது அந்த வேலை தம்பிக்கு.